பாப்பாவைத் தெரியாத மிஷின்

அவனும் நானும் ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். உறவு ஒன்றும் கிடையாது. அவன் அருப்புக்கோட்டை பஜாரில் நூல்கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. நான் பரளச்சிக்காரன், என் அப்பா அடுத்தவர் கரிசலில் ஏர் பிடித்தவர். அறுபதுகளில் டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் அவன் வீட்டில்தான். அவன் அம்மா அவனுக்கு வைத்ததைவிட எனக்கு ஒரு கரண்டி அதிகமாகவே வைப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவனைத் திட்டும்போது, சாப்பிட்ட வீட்டைத் திட்டுகிறானே என்று யாருக்காவது தோன்றலாம். தோன்றட்டும். சாப்பாடு போட்டது அவன் அம்மா. குழி பறித்தது அவன்.

இருவருக்கும் கணக்கு நன்றாக வந்தது. அந்தக் கணக்குத்தான் எழுபதுகளின் பின்பாதியில் எங்களைச் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஊரில் அதைப் பற்றிச் சொல்லும்போது மிஷின் என்றே சொல்வேன். எழுதும்போதும் அதுவே வருகிறது. ஒரு பெரிய அறை முழுக்க அது குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்க, நாங்கள் வெளியே வியர்த்துக்கொண்டு எங்கள் முறைக்காகக் காத்துக் கிடப்போம்.

அந்தச் சமயத்தில் தர்க்க மொழி என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. மற்ற மொழிகளில் மிஷினுக்கு இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தொலைக்க வேண்டும். இதில் அப்படி இல்லை. தெரிந்த விவரங்களையும் விதிகளையும் சொன்னால் போதும். இன்னாருக்கு இன்னார் மகள். அம்மாவோடு பிறந்த ஆண், தாய்மாமன். இப்படிச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்டால், பதிலை மிஷினே தேடும். ஒரு வழியில் போகும், முட்டுச்சந்து வந்தால் திரும்பி வந்து அடுத்த வழியில் போகும். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. கல்யாணத்துக்குப் போன இடத்தில் புது ஆள் யாராவது வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தானே விசாரிப்பார்கள்.

மிஷின் ஒன்றுதான். ஆனால் அந்த மொழியை அதற்குப் புரியவைக்கிற ஏற்பாடுகள் இரண்டு இருந்தன. ஒன்று வெளிநாட்டிலிருந்து டேப்பில் வந்தது. இன்னொன்று என் மாப்பிள்ளை சோறு தண்ணீர் பார்க்காமல் எழுதியது. இரண்டில் எது வேகம், எது திறமை என்று சோதித்துச் சொல்லும் வேலையை எங்கள் பிரிவின் தலைவர் என்னிடம் கொடுத்தார். நான் அப்போது தற்காலிகப் பணியில் இருந்தேன். இந்தச் சோதனை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரமாக்கிவிடலாம் என்று சொன்னார். நண்பனின் வேலையை நானே சோதிக்கலாமா என்று கேட்டேன். நீங்கள் முகத்துக்கு நேரே குறை சொல்கிற ஆள், அதனால்தான் உங்களிடம் கொடுக்கிறேன் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சொல்லுக்கு அங்கே ஒரு மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தெரிந்தது.

இந்த மாதிரிச் சோதனைக்கென்று எல்லா நாட்டிலும் புழங்கிய சில கேள்விகள் இருந்தன. நீளமான ஒரு வரிசையைத் தலைகீழாக்கு. சதுரங்கப் பலகையில் ராணிகள் ஒன்றையொன்று வெட்டாதபடி உட்கார வை. அதே கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அதற்கு மட்டும் தயாராகி வந்து நல்ல மார்க் வாங்கிவிடலாம். முக்கியமான கேள்விகளை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகும் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே யாருக்கும் தெரியாத ஒரு சோதனையை நானே செய்ய நினைத்தேன். பரளச்சியின் சொந்தபந்தத்தை எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டுப் புத்தகங்களிலும் சொந்தபந்தம் உதாரணமாக வரும். தாத்தா, அப்பா, மகன் என்று பனைமரம்போல நேராக மேலே போகும். எங்கள் சொந்தம் அப்படியா? என் அப்பா கட்டியது தன் சொந்த அக்கா மகளை. அதனால் என் அம்மாவைப் பெற்ற அம்மாச்சி, அப்பா வழியில் எனக்கு அத்தையும்கூட. இப்படி ஊர் முழுக்க. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று வழியில் போய்ச் சேரலாம். மிஷின் திணறுவதற்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடைக்காது.

ஒரு லீவில் ஊருக்கு வந்து, நரிக்குடிக்கும் திருச்சுழிக்கும் பஸ்ஸில் அலைந்து, சித்தப்பா பெரியப்பா வகையறா எல்லோரிடமும் விசாரித்துச் சேகரித்தேன். கேள்வி இதுதான்: எனக்கு முறைப்பெண்கள் யார் யார்? மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் என்று விதியை எழுதினேன். மிஷின் எப்படிப் போகுமோ அப்படியே நானும் வீட்டுத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே போனேன். முதல் விடையாக என் அம்மாதான் வந்தாள். அம்மாச்சி எனக்கு அத்தை. அத்தை மகள் முறைப்பெண். அம்மாச்சியின் மகள் என் அம்மா. விதியில் ஒரு பிசகும் இல்லை. நரிக்குடியில் வாக்கப்பட்டிருந்த என் அக்கா அன்றைக்கு வீட்டில் இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டா, அம்மாவக் கட்டிக்கிறச் சொல்லுதா ஒம் மிஷினு? இதுக்காடா மெட்ராசுக்குப் போயிப் படிச்ச?"

அம்மாவையும் சின்னம்மாக்களையும் விலக்க இன்னொரு விதி சேர்த்தேன். இப்போது ஒவ்வொரு பெண்ணையும் எல்லா வழியிலும் போய்ப் பார்த்து, வேறு வழியில் தாய் முறை ஆகிறாளா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மிஷின் வாயைத் திறக்க முடியும். அருமையான சோதனை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

சென்னைக்குத் திரும்பியதும் விவரங்களை மிஷின் படிப்பதற்கான அட்டைகளில் துளைபோட்டு அடுக்கினேன். சோதனைக்கு ஒரு விதியும் எழுதி, தலைவரிடம் ஒப்புதல் வாங்கினேன்: ஒத்துக்கொண்ட கேள்வியை நடுவில் யாரும் மாற்றக்கூடாது. யாருக்கும் சலுகை இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். மாப்பிள்ளை வந்து அட்டைகளைக் கேட்டான்.

"என்னுது இத ஒழுங்காப் படிக்குதான்னு மட்டும் பாத்துக்கிறேன் மாப்ளே. அன்னைக்குப் போயி மக்கர் பண்ணுச்சுன்னா அசிங்கமாப் போயிரும்."

எழுதியவன் அப்படிப் பார்த்துக்கொள்வது வழக்கம்தான். கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்துவிட்டான்.

சோதனை நாளில் டேப்பில் வந்தது, நரிக்குடி பஸ்ஸுபோல ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போய் ஒருவழியாக விடை சொன்னது. மாப்பிள்ளையுடையது, கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் அதே விடையை அப்படியே கொட்டியது. மற்றக் கேள்விகளில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் என் கேள்வியில் அவன் எங்கேயோ போய்விட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அருப்புக்கோட்டைப் பயல் ஒருவன் வெள்ளைக்காரனைத் தோற்கடித்துவிட்டான் என்று நாலு பேரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். தலைவர் வெளிநாட்டுக்கு எழுதினார். அங்கிருந்து அவனை ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டது. அவர் அனுப்பிய அறிக்கையில், இரண்டையும் சோதித்தவன் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

தை மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கம் அக்காவுக்கு மகள் பிறந்தால் தாய்மாமனை விடமாட்டார்கள். மாமனுக்குப் பொண்டாட்டி பொறந்துட்டா, இனி மெட்ராசுல பொண்ணு பாக்க வேணாம் என்று தெருவே கேலி செய்தது. அத்தான்கூட என் தோளைத் தட்டி, ஒங்க பொருளு, பத்திரமா வளத்துக் குடுக்கோம் என்றார். நானும் அந்தச் சந்தோஷத்திலேயே சென்னைக்குப் போனேன். போனதும் புதிதாக ஒரு அட்டையில் துளை போட்டேன். குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. அதனால் அக்காவின் மகள் பாப்பா என்று மட்டும் சேர்த்தேன். அக்கா மகள் முறைப்பெண் என்ற விதி ஏற்கனவே உள்ளே இருந்தது. மிஷினிலிருந்து பாப்பாவின் பேர் அச்சாகி வரும். அந்தத் தாளை அக்காவுக்கு அனுப்பிவைக்கலாம். அவ்வளவுதான் என் எண்ணம். யாரையும் சோதிக்க நினைக்கவில்லை.

மிஷினில் என் முறை வருவதற்குப் பங்குனி ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் ஏற்பாட்டில் ஓட்டினேன். கேட்ட மாத்திரத்தில் விடை வந்தது. பாப்பா இல்லை.

அட்டையில் தவறாகத் துளை போட்டிருப்பேன் என்று நினைத்து, எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொரு அட்டை போட்டேன். மறுபடியும் அதே ஆட்கள், அதே வரிசை. பிறகு டேப்பில் வந்த பழைய நொண்டியில் ஓட்டினேன். அது வழக்கம்போல ஆடி அசைந்து போய், கடைசி வரியில் பாப்பாவைச் சொன்னது.

ஒன்று, அவன் எழுதியதில் ஏதோ பிசகு. இல்லையென்றால், அது தேடவே இல்லை. என் கேள்வியைக் கண்டதும் சொல்வதற்கு விடையை யாரோ உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று பார்க்க அன்றைக்கு வழியில்லை. எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் அவன் தன் ஏற்பாடு இருந்த டேப்பை எடுத்துக்கொண்டு, அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பியிருந்தான். நானும் அவன் பின்னாலேயே பஸ் ஏறினேன்.

அருப்புக்கோட்டையில் திருவிழாக் கூட்டம். அவன் வீட்டில் எனக்கும் இலை போட்டார்கள். கை கழுவிய பிறகு, மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஒரு தடவ கண்டுபிடிச்சத அது ஞாபகம் வச்சுக்கிடும் மாப்ளே. புதுசா வந்தவளப் பாக்காம விட்டுருச்சு போல. ஞாபகம் வச்சுக்கிறது ஒரு தப்பா?"

ஞாபகம் வைத்துக்கொள்வது தப்பில்லை, வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் பழைய ஞாபகத்தை மாற்றிக்கொள்ள வேண்டாமா என்று கேட்டேன். வாஸ்தவம்தான், சரி பண்ணிவிடுகிறேன் என்றான். தலைவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ அவசரப்படாதே என்று கையைப் பிடித்துக்கொண்டான். நம்பினேன். அந்தக் கையை நம்பாமல் வேறு யாரை நம்புவது? கீழே வந்தபோது அவன் அம்மா எனக்குத் தனியாக ஒரு பொட்டலம் அதிரசம் கட்டிக் கொடுத்தார்கள்.

சென்னைக்குத் திரும்பியதும் அவன் தலைவரிடம் சொன்னான்தான். எனக்கு முன்னால் போய்ச் சொன்னான். தலைவர் என்னைக் கூப்பிட்டபோது அவன் ஏற்கனவே அந்த அறையில் உட்கார்ந்திருந்தான். சின்னப் பிழை ஒன்றைச் சரிசெய்துவிட்டதாகவும், அதை நான் பெரிதுபடுத்துவதாகவும் சொல்லியிருக்கிறான். விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கலாமே என்று எனக்குச் சந்தேகம் என்றேன். அதற்கு அவன் என்னைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துச் சொன்னான்.

"கேள்விய முன்னாடியே எங்கிட்டக் குடுத்ததே இவன்தான் சார். எல்லாம் தெரிஞ்சுதான் குடுத்தான். நான் வெளிநாடு போறேன்னதும் இப்பப் பேச்ச மாத்துறான்."

தலைவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கொடுத்தீர்களா? கொடுத்தேன், படிக்கிறதா என்று பார்க்கத்தான் கொடுத்தேன் என்றேன். சொல்லும்போதே அது எனக்கே சப்பைக்கட்டாகக் கேட்டது. ஒரே பெஞ்சில் படித்தவன், என் வீட்டுத் தரையில் என் அம்மா கையால் கூழ் வாங்கிக் குடித்தவன், நான் திருட்டுக்குக் கூட்டு என்று என் முன்னாலேயே சொல்கிறான். கோபம்கூட உடனே வரவில்லை.

எல்லோர் முன்னாலும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று தலைவர் முடிவு செய்தார். பாப்பா வரவில்லை என்றால் அவன் ஏமாற்றியிருக்கிறான். வந்தால் அவன் சொன்னது உண்மை, நான் பொறாமைக்காரன். அறை நிறைய ஆட்கள். என் அட்டைகளை நானே வைத்தேன். கேள்வியைக் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் விடை வந்தது. பாப்பாவும் வந்தாள்.

யாரோ கை தட்டினார்கள். நான் விடவில்லை. பாப்பா பிறந்தது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால்தான் சோதனை. இன்னும் ஒரே ஒரு அட்டை, இல்லாத பிள்ளை ஒன்றைச் சேர்த்துப் பார்க்க விடுங்கள் என்று கேட்டேன். தலைவர் சோர்ந்துபோய் என்னைப் பார்த்தார். ஒத்துக்கொண்ட கேள்வியை நடுவில் மாற்றக்கூடாது என்று விதி போட்டது நீங்கள்தானே என்றார். என் வாயை நானே அடைத்துவைத்திருக்கிறேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்து தன் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

என் வேலையை அவர்கள் நீட்டிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஊருக்கு வந்து, அருப்புக்கோட்டையில் ஒரு டுடோரியலில், கணக்கில் தோற்ற பையன்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். நூல்கடை வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போவேன். கூட்டாளியோட வளத்தி பொறுக்காம வெட்டி விடப் பாத்தானாம் என்று பஜாரில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் இருந்தது வேறொன்று. ஒருவேளை அவன் உண்மையிலேயே பிழையைச் சரிசெய்திருந்தால்? தேடி, ஞாபகம் வைத்துக்கொண்டு, புதுப்பிள்ளையைக் கண்டதும் மாற்றிக்கொள்கிற ஏற்பாட்டை அவன் நேர்மையாகவே எழுதியிருந்தால்? அப்படியானால் பஜாரில் பேசுவது சரிதானே. நான் பொறாமைக்காரன்தானே. கரும்பலகையில் பையன்களுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இது மண்டைக்குள் ஓடும். சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். பையன்கள் சிரிப்பார்கள்.

பாப்பாவுக்குக் காதுகுத்து, நரிக்குடிப் பக்கம் அத்தானுடைய குலதெய்வம் கோயிலில். வேலிக்கருவைக்கு நடுவில் ஒரு பீடமும் வேலும்தான் கோயில். முடியிறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது வழக்கம். நான் சீர்த்தட்டோடு போய் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

அவன்தான். அக்காவுக்கு எங்களுக்குள் நடந்தது எதுவும் தெரியாது, நான் சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளை மாதிரி என்று அவளே அவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறாள். அடுத்த வாரம் விமானம் என்று சொன்னான். ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசைத் தட்டில் வைத்தான். பிறகு வேட்டியைத் தழைத்துக்கொண்டு, என் பக்கத்திலேயே ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். நான் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பூவைக் கட்டிக்கொண்டே, தம்பி, எம்மகளும் ஒங்க மிஷின்ல இருக்காளாமே என்று கேட்டாள்.

"அன்னைக்கே சேத்துட்டேன்க்கா. விடையோட கடைசியில நானே ஒரு வரி எழுதிட்டேன். எப்ப ஓட்டுனாலும் இனி இவ வருவா."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். நான் மெதுவாக அவன் பக்கம் திரும்பினேன். அக்காவுக்குக் கேட்காதபடி கேட்டேன்.

"அக்காவுக்கு அடுத்து ஒரு பிள்ள பொறந்தா?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை என் பக்கம் நகர்த்தும்போது சிரிப்பானே, அதே சிரிப்பு. அவன் மனதில் இது சமாதானம். எனக்கும் அவனுக்கும் நடுவே இருந்த கசப்பைத் தீர்த்துவிட்டதாகவே அவன் நினைத்தான்.

"சொல்லி அனுப்பு மாப்ளே. அதையும் சேத்துருவோம்."

எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆசாரி, பிள்ளையை ஆடாமல் பிடியுங்கள் என்றார். நான் பிடித்துக்கொண்டேன்.